கம்பஸ் பார்க்கப் போனால் யார் பேச வேண்டும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். வீடு கொட்டாஞ்சேனையில். மகள் தமிழ் மொழிமூலம் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள், கணினி படிக்க விருப்பம். இரண்டு சனிக்கிழமைகளில் மூன்று தனியார் கம்பஸ்களைச் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள். எங்கே போனாலும் பிள்ளை வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் "எல்லாம் ஓகேதான்" என்கிறாள். ஒரு இடத்தில், இந்த மாதம் முடிவதற்குள் முற்பணம் கட்டினால் பத்து வீதம் கழிவு என்கிறார்கள். மூன்றில் எது நல்லது, இன்னும் நாலு இடம் பார்க்க வேண்டுமா, அடுத்த முறை எட்டாம் தரம் படிக்கும் மகனையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் கம்பஸின் பெயர் பெரிய விஷயமாகப் படவில்லை. பேசாத பிள்ளைக்காக நீங்கள் எவ்வளவு தூரம் முடிவெடுக்கலாம் என்பதுதான் உண்மையில் உங்களை உறுத்துகிறது.

நான் கொழும்பில் ஒரு தனியார் கம்பஸின் அனுமதிப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன். அதாவது நீங்கள் போய் உட்கார்ந்த மேசையின் மறுபக்கம். அதற்குப் பிறகு ஒரு பாடசாலையில் தொழில் வழிகாட்டல் ஆசிரியையாகப் பல வருடம். கணினித் துறை என் துறை அல்ல. ஆனால் பெற்றோரும் பிள்ளையும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழும்பும் அரை மணி நேரத்தை நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கும். நான் பிள்ளையைப் பார்த்து "மகள் என்ன செய்ய யோசிக்கிறீங்க?" என்று கேட்பேன். "அவ கம்ப்யூட்டர்தான் செய்யப் போறா மிஸ்" என்று அப்பா சொல்வார். "ஸ்கூல்ல எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று அடுத்து கேட்பேன். "மெத்ஸ்ல கெட்டிக்காரி" என்று அம்மா சொல்வார். மூன்றாவது கேள்விக்குள் பிள்ளை சுவரில் இருக்கும் போஸ்டரை வாசிக்கத் தொடங்கியிருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு இது மிகவும் வசதி. காசு கட்டப்போகும் ஆளிடமே நேராகப் பேசலாம் அல்லவா? எங்களுக்கு அப்படித்தான் பயிற்சியும் தந்தார்கள்.

ஆகவே முதலில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். காகிதமும் காசும் உங்கள் பங்கு. அன்றாடம் எப்படியிருக்கும் என்று பார்ப்பது மகளின் பங்கு. மகளின் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். அங்கீகாரம் உண்டா, மறுபரீட்சைக்கு எவ்வளவு போன்றவற்றை விசாரிக்கும் சுமையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் போடவும் வேண்டாம்.

உங்கள் பங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள் நிறைய உண்டு. இலங்கையில் தனியார் நிறுவனம் ஒன்று பட்டம் தருவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் வர்த்தமானி மூலம் அங்கீகாரம் பெற்று, தன் பெயரிலேயே பட்டம் வழங்குவது. மாலபேயிலுள்ள ஸ்லிட், ஹோமாகமவிலுள்ள என்.எஸ்.பி.எம். போன்றவை இந்த வகை. மற்றது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை இங்கே கற்பிப்பது. வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலுள்ள இன்ஃபோமெட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிப்பிப்பதை உதாரணமாகச் சொல்லலாம். இரண்டும் சட்டபூர்வமானவைதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு வேறு. முதலாம் வகையில், அங்கீகாரம் நிறுவனத்துக்கு மட்டும் அல்ல, பட்டநெறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது. பழைய பட்டநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதால் இந்த வருடம் ஆரம்பித்த புதியதற்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். மகள் சேரப்போகும் பட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, அதன் வர்த்தமானிப் பிரதியைக் கேளுங்கள். இரண்டாம் வகையில், பட்டச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணைக்குழு இருப்பது வோட் பிளேஸ் 20 ஆம் இலக்கத்தில். கொழும்பில் இருக்கும் நீங்கள் பஸ் ஏறிப் போய் நேரிலேயே கேட்கலாம். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு அந்த வசதி இல்லை.

பட்டத்தின் அளவையும் கேளுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சாதாரண இளமாணிப் பட்டம் 5 ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம். "நாலு வருடப் படிப்பை மூன்று வருடத்தில் முடிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், கடைசியில் கையில் கிடைப்பது எந்த மட்டம் என்று உடனே கேட்டுவிடுங்கள். கணினித் துறையில் வேலை செய்ய எந்தச் சபையின் அனுமதிப்பத்திரமும் தேவையில்லை, அந்த வகையில் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். மருத்துவம், சட்டம், பொறியியல் என்றால் கதை வேறு. வெளிநாட்டு எல்.எல்.பி. வைத்திருப்பவரும் புதுக்கடைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைத் தாண்டாமல் சட்டத்தரணி ஆக முடியாது. மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் மருத்துவ சபையில் பதிவு கிடைக்காமல் வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கும் வீட்டுக்கும் அலைந்து, கடைசியில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டதை நாடே பார்த்தது. மகன் வளர்ந்து வேறு துறைக்குப் போனால் இதை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்தது காசு. கையேட்டில் போட்டிருக்கும் தொகை முழுத் தொகை அல்ல. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கையேட்டை நானும் பெற்றோரிடம் நீட்டியிருக்கிறேன். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், ஒரு பாடத்தில் தவறினால் திரும்பச் செய்வதற்கான கட்டணம், பட்டமளிப்பு விழாக் கட்டணம் எல்லாம் பின்னால் வரும். வெளிநாட்டுப் பட்டமென்றால் ஒரு பங்கைப் பவுணிலோ டொலரிலோ கணக்கிடுவார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 வரை போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் அப்பாமார் அந்த நாட்களில் வந்து என் முன்னால் உட்கார்ந்த விதத்தை நான் மறக்கவில்லை. எந்தப் பங்கு ரூபாயில், எந்தப் பங்கு வெளிநாட்டு நாணயத்தில், எந்தத் திகதியின் மாற்று விகிதத்தில் கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் மறுபரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதலாம் வருடத்தில் ஒரு பாடமாவது தவறும் பிள்ளைகள் குறைவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

அந்தப் பத்து வீதக் கழிவு. கட்டாதீர்கள். நான் வேலை செய்த இடத்தில் "இந்த மாதத்தோடு முடிகிறது" என்று சொன்ன கழிவு, அடுத்த பிரிவு தொடங்கும்போது வேறொரு பெயரில் திரும்ப வரும். எல்லா இடமும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெறுபேறு வருவதற்கு முன்னால் முற்பணம் கட்டுவதற்கு உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. கட்டித்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் முடிவானால், அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் பணம் திரும்ப வருமா, எவ்வளவு வரும், எத்தனை நாளில் வரும் என்பது பற்றுச்சீட்டிலோ உடன்படிக்கையிலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. அதைச் சொன்ன அனுமதிப் பிரிவு ஊழியர் அடுத்த மாதம் வேறு கம்பஸில் வேலைக்குப் போயிருப்பார்.

நீங்கள் எழுதியதில் ஒரு இடம் எனக்கு வெறுமையாகத் தெரிந்தது. மூன்று தனியார் இடங்களைப் பார்த்திருக்கிறீர்கள், அரச பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கொழும்புப் பெற்றோர் பலர் "எங்களுக்கு இசட் புள்ளி காணாது" என்று, அதாவது பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி போதாது என்று, பெறுபேறு வருமுன்பே கைவிட்டுவிடுகிறார்கள். அவர்கள் பயத்தில் உண்மையும் இருக்கிறது. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான படிப்புகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தக் கடைசிப் பங்கில் கொழும்புக்கு எதுவும் இல்லை, எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளியும் பொதுவாக உயரந்தான். ஆனால் போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து இந்த வருடம் கிடைக்காது என்று தீர்ப்புச் சொல்வது வெறும் ஊகம். கணினி சார்ந்த படிப்பு கொழும்பு, மொறட்டுவை, களனியில் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சப்ரகமுவாவிலும் இருக்கிறது. விண்ணப்பத்தில் யூனிகோட் வரிசையை, அதாவது எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு என்பதைக் காட்டும் குறியீடுகளை விருப்ப வரிசையில், எழுதும் அந்த ஒரு மாலை, மூன்று கம்பஸ் சுற்றிய இரண்டு சனிக்கிழமைகளை விட உங்கள் குடும்பத்துக்கு முக்கியமானது. எழுதிய வரிசையில் மேலிருந்து பார்த்து, புள்ளி போதுமான முதல் படிப்புக்குத்தான் தெரிவு செய்வார்கள். ஆகவே போக மனமில்லாத இடத்தை "சும்மா இருக்கட்டும்" என்று மேலே போடக்கூடாது.

அந்த வரிசையை எழுதும்போது பல்கலைக்கழகத்தின் பெயரோடு பீடம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் திருநெல்வேலியில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. றுகுணவின் பொறியியற் பீடம் மாத்தறையில் இல்லை, காலி ஹப்புகலவில். "யாழ்ப்பாணத்தில் சித்தி வீடு இருக்கு, பயமில்லை" என்று வரிசை எழுதிய ஒரு குடும்பம் கிளிநொச்சி என்று தெரிந்ததும் திகைத்ததை நான் கண்டிருக்கிறேன். பெண்பிள்ளை வெளிமாவட்டத்தில் விடுதியில் இருப்பதை நீங்களும் மனைவியும் ஏற்பீர்களா என்பதை இப்போதே பேசித் தீருங்கள். தெரிவுக் கடிதம் வந்த பிறகு வீட்டில் சண்டை போடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பகிடிவதைப் பயமும் உங்கள் மனதில் இருக்கும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இருப்பதால் அது ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. பீடத்துக்குப் பீடம் நிலைமை மாறும். அங்கே இப்போது படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் மகளைத் தனியாகப் பேச விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லாது.

இனி மகளின் பங்கு. சனிக்கிழமை கம்பஸ் பார்க்கப் போவது கல்யாண மண்டபத்தைப் பகலில் பூட்டிக்கிடக்கும்போது பார்ப்பது மாதிரி. விரிவுரை நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முதல் வகுப்பு நேரத்துக்குப் போய்ச் சேரும்படி, பஸ்ஸில் மகள் போகட்டும். தனியாகவோ சிநேகிதியோடோ போகலாம். மாலபே என்றால் கொட்டாஞ்சேனையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வந்து 177 பிடிக்க வேண்டும். ஹோமாகம என்றால் கோட்டைக்கோ புறக்கோட்டைக்கோ வந்து 138. காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும், பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு பத்தரமுல்லைப் பக்கம் பஸ் எப்படி ஊர்கிறது என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. நாலு வருடம் அதைச் செய்யப்போகிறவள் அவள்தான். போன இடத்தில் கெண்டீனில் ஒரு பிளேன்ரீ குடிக்கட்டும், நூலகத்தில் அரை மணி நேரம் உட்காரட்டும், பெண்கள் கழிப்பறைக்குள் போய்ப் பார்க்கட்டும். சிரிக்காதீர்கள், என்னிடம் வந்த ஒரு பிள்ளை இரண்டு இடங்களில் ஒன்றைத் தள்ளியது அந்தக் காரணத்துக்காகவே. அவள் தெரிவு பிழை என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் மகள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: முதலாம் வருடத்தில் புரோகிராமிங் படிப்பிப்பவர் அங்கேயே முழுநேரம் இருக்கிறாரா, வெளியிலிருந்து வந்து வகுப்பை முடித்துவிட்டு ஓடுகிறாரா? பாடம் விளங்காமல் போகும் நாளில் யாரிடம் போவது என்பதற்கு அதில்தான் பதில் இருக்கிறது.

முடிந்தால் ஒரு விரிவுரையில் பின்வரிசையில் உட்காரக் கேளுங்கள். சில இடங்களில் அனுமதிப்பார்கள். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு இது மற்ற எல்லாவற்றையும் விடப் பிரயோசனம். தனியார் கம்பஸாக இருந்தாலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் கணினிப் பட்டம் ஆங்கிலத்தில்தான். கணக்கில் நூறு எடுத்த பிள்ளைகள் முதல் ஆறு மாதம் கேள்வியே கேட்காமல் இருந்து, பின்னால் "எனக்கு இது சரிவராது" என்று வீட்டுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சரிவராமல் போனது பாடம் அல்ல, மொழி. பெறுபேறு வரும் வரை இருக்கும் மாதங்களில் காசு செலவழிக்க நினைத்தால் முற்பணத்தில் போடாமல் ஆங்கிலத்தில் போடுங்கள்.

மகளின் மௌனத்துக்கு வருகிறேன். இங்கே நான் சொல்வது கணிப்பு மட்டும், ஆளைப் பார்க்காமல் சொல்கிறேன். "எல்லாம் ஓகேதான்" என்ற பதிலுக்குப் பின்னால் நான் அதிகம் கண்டது இரண்டு காரணங்கள். ஒன்று, அப்பா எவ்வளவு கடன் படப்போகிறார் என்று பிள்ளைக்குத் தெரியும், ஆகவே தனக்கு ஒரு விருப்பம் இருப்பதாகக் காட்டவே வெட்கம். மற்றது, வேறொரு படிப்பு மனதில் இருக்கிறது, அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. முதலாவது என்றால், உங்களால் வருடத்துக்கு எவ்வளவு முடியும் என்று ஒரு தொகையை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தொகை பயமில்லை, தொகை தெரியாமல் இருப்பதுதான் பயம். அந்தத் தொகைக்குள் வேறு வழிகளும் இருப்பதை அவளுக்குக் காட்டலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, நாவலயில் 1980 முதல் இயங்கும் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, தெகிவளை உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்காது என்பதால் எங்கள் ஆட்கள் இவற்றை இளப்பமாகப் பார்ப்பார்கள். பி.ஐ.டி. படித்துக்கொண்டே வேலைக்குப் போன பிள்ளைகள் என் பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் இருந்தார்கள். ஆனால் தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு வெளிவாரி சரிவராது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது காரணம் என்றால், உங்களிடம் உடனே வராது. பாடசாலையில் மகளுக்குப் பிடித்த ஆசிரியை ஒருவர் இருந்தால் அவரோடு ஒரு தடவை பேச விடுங்கள்.

மூன்றில் எது நல்லது என்பதற்கு நான் பெயர் சொல்லப்போவதில்லை. இன்னும் நாலு இடம் பார்க்கவும் வேண்டாம். இருக்கும் மூன்றில் மகள் ஒன்றைத் தள்ளட்டும், காரணம் கேட்காதீர்கள். மிச்சம் இரண்டுக்கும் மேலே சொன்ன காகிதங்களை நீங்கள் வாங்குங்கள், செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் மகள் போய்வரட்டும். அதற்குள் பெறுபேறும் வந்துவிடும்.

மகனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். எட்டாம் தரத்துப் பையன் "இங்க ஏன் லிஃப்ட் வேலை செய்யல்ல?" என்று எல்லோர் முன்னிலும் கேட்பான், அது நீங்களும் நானும் கேட்கக் கூச்சப்படும் கேள்வி. திரும்பி வரும்போது அக்காவையும் தம்பியையும் ஒரே சீட்டில் இருத்திவிட்டு, நீங்களும் மனைவியும் இரண்டு வரிசை முன்னால் போய் உட்காருங்கள்.